ஆட மறுத்தவர்கள்: இன ஒதுக்கலை விளையாட்டு வீரர்கள் எதிர்த்த விதம்

தென்னாப்பிரிக்காவில் 1948-இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது முதல் 1990களின் தொடக்கம் வரை நீடித்த இன ஒதுக்கல் (அபார்ட்ஹைட்) ஆட்சியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கும் ஒருவர், அதில் கிரிக்கெட்டும் ரக்பியும் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு வியப்படையலாம். நிலம் பறிக்கப்பட்டது, வாக்குரிமை மறுக்கப்பட்டது, சிறைகள் நிரம்பின, துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. இவற்றுக்கு நடுவே ஓர் அணித் தேர்வும், ரத்தான ஒரு சுற்றுப்பயணமும் ஏன் இவ்வளவு இடம் பெறுகின்றன? ஒரு விளையாட்டு வீரர் ஒரு சமூகத்தின் அறவுணர்வை மாற்றக்கூடியவர் என்று சொல்லும்போது அதற்கு உண்மையில் என்ன பொருள்? இந்த வரலாற்றுக்குப் புதியவர்களுக்காக, தென்னாப்பிரிக்க அனுபவத்தை எடுத்துக்கொண்டு இக்கேள்விக்கு விடை காண முயல்கிறேன்.

புகழ்பெற்ற ஒருவர் நல்ல கருத்தொன்றைச் சொல்வதும், அவர் அறமாற்றத்துக்குக் காரணமாவதும் ஒன்றல்ல. கருத்தை யாரும் சொல்லலாம். கேட்பவர் கேட்டுவிட்டுத் தம் வழியே போகலாம். விளையாட்டு வீரரிடமோ மற்றவர்களிடம் இல்லாத ஒரு பிடி இருக்கிறது. எதிரணி வந்து நிற்காமல் எந்த ஆட்டமும் நடக்காது. ஒரு நாட்டின் அணியோடு ஆடச் சம்மதிப்பது, அந்த நாட்டை மற்ற நாடுகளைப் போன்ற ஓர் இயல்பான நாடாக ஏற்றுக்கொள்வதாகும். தென்னாப்பிரிக்க ஆட்சியாளர்கள் சர்வதேச ஆட்டங்களை அவ்வாறுதான் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தச் சம்மதத்தைத் தரவோ மறுக்கவோ அரசுகளுக்கும் வாரியங்களுக்கும் அதிகாரம் உண்டு என்றாலும், இறுதியில் மைதானத்தில் கால் வைக்க வேண்டியவர் வீரர்தான். அவர் மறுக்கும்போது, பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த ஒன்றைத் தாமே விட்டுக்கொடுக்கிறார். அவருடைய மறுப்புக்கு எடை அங்கிருந்துதான் வருகிறது.

இன ஒதுக்கல் விளையாட்டுக்குள் எப்படி வேலை செய்தது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வெள்ளையரும் மற்றவர்களும் சேர்ந்து ஆடுவதைத் தடுக்கத் தனியாக ஒரு விளையாட்டுச் சட்டம் ஆட்சியாளர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு மனிதரையும் இன வாரியாகப் பதிவுசெய்யும் சட்டமும், யார் எந்தப் பகுதியில் வசிக்கலாம் என்று வரையறுக்கும் சட்டமும் 1950-இல் வந்துவிட்டன. பொது இடங்களிலும் வசதிகளிலும் இனங்களைப் பிரித்துவைக்கும் சட்டம் 1953-இல் வந்தது. மைதானம் வெள்ளையர் பகுதியில் இருந்தால், உடை மாற்றும் அறையும் உணவுக்கூடமும் கழிப்பறையும் வெள்ளையருக்கே உரியவை. பிறகு ஆட்டம் மட்டும் எப்படிப் பொதுவாகும்? 1956-இல் உள்துறை அமைச்சர் டோங்கெஸ் இதை வெளிப்படையான கொள்கையாகவே அறிவித்தார்: வெள்ளையரும் வெள்ளையர் அல்லாதோரும் தங்கள் விளையாட்டுகளைத் தனித்தனியே நடத்திக்கொள்ள வேண்டும், கலப்பு அணிகள் வெளிநாடு செல்லக் கூடாது. நாட்டின் பெயரால் வெளிநாடுகளில் ஆடும் அணி வெள்ளையர்களின் அணியாக மட்டுமே இருந்தது.

இதன் கொடுமையை ஒரே நிகழ்ச்சியில் காண விரும்புபவர்கள் 1963-ஆம் ஆண்டின் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியைப் பார்க்க வேண்டும். சேவ்சங்கர் செவ்கோலும் என்பவர் டர்பன் பகுதியில் கோல்ஃப் மட்டைப் பைகளைச் சுமந்து பிழைத்த இந்திய வம்சாவளியினர். 'பப்வா' என்பது அவர் பரவலாக அறியப்பட்ட பெயர். யாரும் கற்றுக்கொடுக்காமல், வழக்கத்துக்கு நேர்மாறாகக் கைகளை மாற்றி மட்டையைப் பிடித்து ஆடிய அவர், அதற்குள் நெதர்லாந்து ஓப்பன் பட்டத்தை இருமுறை வென்றிருந்தார். டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த அந்த நேட்டால் போட்டியில் அவர் வெள்ளை ஆட்டக்காரர்கள் அனைவரையும் வென்றார். ஆனால் கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையர் அல்லாதவர் நுழைய அனுமதி இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது, தோற்றவர்கள் கூரைக்குக் கீழே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் படம் பல நாடுகளின் செய்தித்தாள்களில் வெளியானது. ஒரு நீண்ட அறிக்கை செய்திருக்கக்கூடியதைவிட அதிகமாக அந்தப் படம் செய்தது என்பது என் கருத்து. திறமையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டதாகச் சொல்லப்படும் ஓரிடத்தில், திறமை வென்ற பிறகும் நிறமே தீர்மானித்தது என்பதை அதில் எவரும் பார்க்க முடிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே போட்டியில் அவர், தென்னாப்பிரிக்காவின் உலகப் புகழ்பெற்ற வெள்ளை கோல்ஃப் வீரர் கேரி பிளேயரையும் தோற்கடித்தார். அதன்பின் நாட்டின் முக்கியப் போட்டிகளில் ஆட அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது, கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. 1978-இல் வறுமையில் இறந்தார்.

இந்த வரலாற்றை வெள்ளை வீரர்களின் மனமாற்றத்திலிருந்து தொடங்குவது தவறு. ஒடுக்கப்பட்ட விளையாட்டுக்காரர்களும் அவர்களின் அமைப்பாளர்களும்தான் வழியை முதலில் திறந்தார்கள். 1956-இலேயே சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் வெள்ளையர் சங்கத்தைக் கைவிட்டு, இன வேறுபாடு பாராட்டாத தென்னாப்பிரிக்க அமைப்பை ஏற்றுக்கொண்டது. கவிஞரும் ஆசிரியருமான டென்னிஸ் புரூட்டஸ் 1958-இல் தென்னாப்பிரிக்க விளையாட்டுச் சங்கத்தை உருவாக்குவதில் முன்னின்றார். பின்னர் அங்கிருந்தே இன வேறுபாடற்ற ஒலிம்பிக் குழு பிறந்தது. அவருடைய வாதம் மிக எளிமையானது: இன அடிப்படையில் ஆட்களைத் தேர்வு செய்யும் நாட்டுக்கு ஒலிம்பிக்கில் இடம் இருக்கக் கூடாது, ஏனெனில் ஒலிம்பிக் சாசனமே அதைத் தடுக்கிறது. இந்த எளிய வாதத்துக்காக அவர் சுடப்பட்டார், ராபன் தீவுச் சிறையில் கல் உடைத்தார். தென்னாப்பிரிக்காவுக்கான அழைப்பு 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் திரும்பப் பெறப்பட்டது. 1970-இல் அந்நாடு ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. புரூட்டஸுக்குப் பின் இப்பணியைத் தாங்கியவர்களில் டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி முக்கியமானவர்; லண்டனிலிருந்து அவர் நடத்திய கடிதப் போராட்டத்தின் பயனாகத்தான் பல வாரியங்களால் கண்ணை மூடிக்கொள்ள முடியாமல் போயிற்று.

தனி வீரர் ஒருவர் எப்படி ஓர் ஆட்சியைத் திணறடிக்கிறார் என்பதற்கு பேசில் டி'ஒலிவேராவின் கதை தெளிவான எடுத்துக்காட்டு. 1931-இல் கேப் டவுனில் பிறந்த அவரைச் சட்டம் 'கலப்பினத்தார்' என்று பதிவுசெய்தது. நியூலண்ட்ஸ் மைதானத்தில் வெள்ளையர் அல்லாதோருக்கு ஒதுக்கப்பட்ட மூலைக்குக் 'கூண்டு' என்று பெயர். அந்த மூலையிலிருந்து டெஸ்ட் ஆட்டங்களைப் பார்த்தவர், தம் சொந்த ஆட்டத்தைக் கட்டாந்தரையில் விரித்த பாயின்மீது ஆடினார். வெள்ளையர் அல்லாதோரின் தென்னாப்பிரிக்க அணிக்குத் தலைவராகவும் ஆனார். அதற்கு மேல் ஏற அந்த நாட்டில் படி இல்லை. ஆகவே இங்கிலாந்து வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டுக்குப் பச்சை மையில் கடிதம் எழுதி, எங்கேனும் ஆட ஒரு வாய்ப்புக் கேட்டார். 1960-இல் லங்காஷயரின் மிடில்டன் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. விமானச் செலவுக்கு கேப் டவுன் நண்பர்கள் பணம் திரட்டினார்கள். இங்கிலாந்தின் டெஸ்ட் அணியில் அவர் 1966-இல் இடம் பெற்றபோது வயது 34. ஒரு மட்டையாளரின் சிறந்த ஆண்டுகளை இன ஒதுக்கல் ஏற்கெனவே விழுங்கிவிட்டிருந்தது.

1968-இன் இறுதியில் இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்கா செல்ல வேண்டியிருந்தது. டி'ஒலிவேரா அந்த அணியில் இருந்தால் தென்னாப்பிரிக்க அரசு என்ன செய்யும் என்பது அனைவருக்கும் கேள்வியாக இருந்தது. அவர் அணித் தேர்விலிருந்து தாமாகவே விலகிக்கொண்டால் ஆண்டுக்கு 4,000 பவுண்டு சம்பளத்தில் தென்னாப்பிரிக்காவில் பயிற்சியாளர் வேலை தருவதாக ஆசை காட்டப்பட்டது. அந்தக் காலத்தில் அது ஒரு தொழில்முறை ஆட்டக்காரரை மயக்கக்கூடிய தொகை. அவர் அதற்கு உடன்படவில்லை. ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஓவல் டெஸ்டில், வேறொருவர் விலகியதால் கடைசி நேரத்தில் கிடைத்த வாய்ப்பில், 31 ஓட்டங்களில் ஒரு பிடி தவறவிடப்பட்ட பிறகு, அவர் 158 ஓட்டங்கள் எடுத்தார். இத்தனைக்கும் பிறகு, சில நாட்களில் அறிவிக்கப்பட்ட சுற்றுப்பயண அணியில் அவர் பெயர் இல்லை. தேர்வுக் குழு கிரிக்கெட் காரணங்களையே சொன்னது; நாட்டில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. செப்டம்பர் நடுவில் டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, அவருடைய இடத்தில் டி'ஒலிவேரா சேர்க்கப்பட்டார். மறுநாளே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் புளூம்ஃபொன்டைன் நகரில் தம் கட்சிக்காரர்கள் முன்னிலையில், இது கிரிக்கெட் அணி அல்ல, இன ஒதுக்கல் எதிர்ப்பு இயக்கத்தின் அணி என்ற பொருள்படப் பேசி, அதை ஏற்க முடியாது என்று அறிவித்தார். சுற்றுப்பயணம் ரத்தாயிற்று.

டி'ஒலிவேரா கோஷம் போட்டவர் அல்ல. மேடையேறிப் பேசியவரும் அல்ல. அவர் செய்தது இரண்டுதான்: பணத்துக்கு விலகவில்லை, ஓட்டங்களை எடுத்தார். அதற்குமுன் இங்கிலாந்தில் பலர், தென்னாப்பிரிக்காவோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டே அதன் அரசியலைப் பற்றித் தாம் கவலைப்படத் தேவையில்லை என்று நினைத்திருந்தார்கள். தங்கள் அணியில் யார் இருக்கலாம் என்பதை வேறொரு நாட்டின் பிரதமர் தீர்மானிக்கிறார் என்பதை அவர்கள் கண்ணால் கண்ட பிறகு அந்த நிம்மதி போய்விட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், அந்தச் சுற்றுப்பயண அணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பவிருந்த எம்சிசி (மெரில்போன் கிரிக்கெட் கிளப்) உறுப்பினர்களின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி வாரியத்தைக் கண்டித்தவர் டேவிட் ஷெப்பர்ட். அவர் இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன், பாதிரியார், 1960-இலேயே தென்னாப்பிரிக்க அணிக்கு எதிராக ஆட மறுத்தவர். அவருடைய தீர்மானத்தை வழிமொழிந்தவர் பின்னாளில் இங்கிலாந்தின் கேப்டனான மைக் பிரியர்லி. தீர்மானம் தோற்றது. ஆனால் 1970-இல் இங்கிலாந்துக்கு வரவிருந்த தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணியின் பயணம், பீட்டர் ஹெய்ன் போன்ற இளைஞர்கள் முந்தைய குளிர்காலத்தில் ரக்பி ஆட்டங்களை மறித்து நடத்திய போராட்டங்களின் தொடர்ச்சியாக, கைவிடப்பட்டது.

இனி, இக்கட்டுரையின் மையமான மனிதர்களிடம் வருகிறேன். 1971-இல் ஸ்பிரிங்பாக்ஸ் எனப்படும் தென்னாப்பிரிக்க ரக்பி அணி ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது, ஏழு ஆஸ்திரேலிய வீரர்கள் அதற்கு எதிராக ஆடத் தங்களைத் தேர்வு செய்ய வேண்டாம் என்று அறிவித்தார்கள். டோனி ஆப்ரஹம்ஸ், ஜிம் பாய்ஸ், பால் டார்வெனிசா, டெர்ரி ஃபோர்மன், பேரி மெக்டொனால்ட், ஜிம் ராக்ஸ்பரோ, புரூஸ் டாஃப் ஆகிய ஏழு பேரும் வெள்ளையர்கள். ஏழு பேரும் நாட்டுக்காக ஆடியவர்கள். ஏற்கெனவே தென்னாப்பிரிக்காவில் சுற்றுப்பயணம் செய்து திரும்பியவர்கள். இந்தக் கடைசித் தகவல்தான் எல்லாவற்றையும்விட முக்கியமானது.

'தொடர்பு வைத்துக்கொண்டால்தான் அவர்களைத் திருத்த முடியும். போய்ப் பார்த்தால்தான் உண்மை புரியும்' என்பது புறக்கணிப்பை எதிர்த்தவர்களின் வழக்கமான வாதம். இந்த ஏழு பேரும் போய்ப் பார்த்தவர்கள். விருந்தினராக நல்ல ஓட்டல்களில் தங்கவைக்கப்பட்டு, அன்பாக உபசரிக்கப்பட்டு, அந்த உபசரிப்புக்குப் பின்னால் இருந்ததையும் கவனித்தவர்கள். மைதானத்தில் கறுப்பின மக்கள் மிக மோசமான ஒரு மூலையில் தனியே அடைக்கப்பட்டிருந்தார்கள். அந்த மூலையிலிருந்து எழுந்த ஆரவாரம் எப்போதும் வெளிநாட்டு அணிக்கே ஆதரவாக இருந்தது. சொந்த நாட்டின் அணி தோற்க வேண்டும் என்று சொந்த நாட்டு மக்களே விரும்புகிறார்கள் என்றால், அந்த அணி யாருடையது? மண்டேலாவும் தம் இளமையில் ஸ்பிரிங்பாக்ஸுக்கு எதிராக ஆடிய எந்த அணிக்கும் ஆரவாரித்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஏழு வீரர்களும் ஆட்டக்காரர்களாக அந்நாட்டுக்குள் போய்ச் சாட்சிகளாகத் திரும்பினார்கள். ஆப்ரஹம்ஸ் நாடு திரும்பியபின் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதி, இன அடிப்படையில் தேர்வு செய்யப்படும் அணியை ஆஸ்திரேலியா வரவேற்கலாமா என்று வெளிப்படையாகக் கேட்டார்.

அவர்களுக்குக் கிடைத்தது பாராட்டல்ல. நாட்டின் சட்டையை அணியும் வாய்ப்பை உதறியவர்கள் என்றும், விளையாட்டில் அரசியலைக் கலந்தவர்கள் என்றும் ரக்பி வட்டாரத்தில் பலர் அவர்களை வெறுத்தார்கள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியத் தெருக்களில் இறங்கிய மாணவர்களுக்கும் தொழிற்சங்கத்தினருக்கும் அவர்களால் கிடைத்த வலிமையைச் சிறிதாக எண்ண முடியாது. போராடுபவர்கள் ரக்பி தெரியாத முடி வளர்த்த இளைஞர்கள் என்று அரசியல்வாதிகள் எளிதாகத் தள்ளிவிட முடிந்தது. நாட்டுக்காகக் காயப்பட்டு ஆடியவர்களை அப்படித் தள்ள முடியவில்லை. தொழிற்சங்கங்கள் ஒத்துழைக்க மறுத்ததால் ஸ்பிரிங்பாக்ஸ் அணி வழக்கமான விமானங்களில் பயணிக்க முடியாமல் சிறிய வாடகை விமானங்களில் பறந்தது. மைதானங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போடப்பட்டது, புகைக் குண்டுகள் வெடித்தன, ஆட்டங்கள் போலீஸ் வளையத்துக்குள் நடந்தன. குவீன்ஸ்லாந்து மாநிலப் பிரதமர் பெல்கே-பீட்டர்சன் ஒரு ரக்பி ஆட்டத்துக்காக நெருக்கடி நிலையையே அறிவித்தார். ஸ்பிரிங்பாக்ஸ் அந்தப் பயணத்தின் 13 ஆட்டங்களிலும் வென்றார்கள். ஆயினும் அதன் பிறகு 1992 வரை ஆஸ்திரேலியா அவர்களோடு ஒரு டெஸ்ட் ஆட்டமும் ஆடவில்லை. அவ்வாண்டு கோடையில் வரவிருந்த தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணியின் பயணத்தையும், அப்போதைய வாரியத் தலைவர் டான் பிராட்மேன் செப்டம்பரில் ரத்து செய்தார். இன அடிப்படையைக் கைவிட்டு அணியைத் தேர்வு செய்யும்வரை அவர்களோடு ஆடுவதில்லை என்ற அந்த நிலைப்பாட்டை, அவரைப் போன்ற பழமைப்பற்றுள்ள ஒருவரிடமிருந்து பலரும் எதிர்பார்க்கவில்லை.

இந்த மறுப்பு தென்னாப்பிரிக்க வெள்ளையரை ஏன் அவ்வளவு வலிக்கச் செய்தது? ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானங்களை அவர்கள் பல ஆண்டுகளாகப் பொருட்படுத்தவில்லை. ரக்பி வேறு. டச்சுக் குடியேறிகளின் வழிவந்த வெள்ளையரான ஆஃப்ரிகானர் சமூகத்துக்கு அது கிட்டத்தட்டச் சமயத்துக்கு அடுத்த பற்று. நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் பிரிட்டனையும் அவர்கள் தங்களுக்கு இணையான நாகரிகச் சுற்றமாகக் கருதினார்கள். அந்தச் சுற்றம் சனிக்கிழமை மாலைகளில் வர மறுத்தபோது, அரசியல் பேசாத சாதாரண வெள்ளைக் குடும்பமும் தன் வீட்டு வானொலியருகே அமர்ந்து 'ஏன்' என்று கேட்க வேண்டியதாயிற்று. அதுவரை வெள்ளையர் அல்லாதோரின் துன்பமாக மட்டும் இருந்த ஒன்று, அளவில் ஒப்பிடவே முடியாதபடி மிகச் சிறியதாகவேனும், அதன் பயனை அனுபவித்தவர்களின் இழப்பாகவும் ஆனது. அரசு விட்டுக்கொடுக்கத் தொடங்கியதையும் இங்கே காணலாம். 1960-இல் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி வீரர்கள் இல்லாமல்தான் வர வேண்டும் என்று நியூசிலாந்திடம் வற்புறுத்திய தென்னாப்பிரிக்கா, 1970-இல் அவர்களைக் 'கௌரவ வெள்ளையர்கள்' என்ற இழிவான பெயரோடு ஏற்றுக்கொண்டது.

அழுத்தம் உள்ளேயும் பரவியது. 1971 ஏப்ரல் 3 அன்று நியூலண்ட்ஸ் மைதானத்தில் டிரான்ஸ்வால் அணிக்கும் மற்ற மாகாணங்களின் அணிக்கும் இடையே நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில், மைக் புரோக்டர் வீசிய முதல் பந்தில் பேரி ரிச்சர்ட்ஸ் ஓர் ஓட்டம் எடுத்தார். உடனே இரு அணி வீரர்களும் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வெள்ளையர் அல்லாதோரையும் அழைக்க வேண்டும், கிரிக்கெட்டில் தகுதியே ஒரே அளவுகோலாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கையளித்த அறிக்கை கூறியது. சில நிமிடங்களில் திரும்பிவந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இது காலம் கடந்த, சிறிய செயல் என்று அன்றும் பலர் சொன்னார்கள். தங்கள் சொந்தச் சர்வதேச வாய்ப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் அக்கறையும் அதில் கலந்திருந்தது என்பதை மறுக்க முடியாது. இருந்தும், அந்நாட்டின் தலைசிறந்த வெள்ளை ஆட்டக்காரர்கள் தங்கள் அரசின் கொள்கையை மைதானத்திலேயே மறுத்துப் பேச முன்வந்தது, வெளியிலிருந்து வந்த மறுப்புகள் இல்லாமல் நடந்திருக்காது.

இந்த இடத்தில் நேர்மையான ஒரு கருத்துவேறுபாட்டையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷுக்கு தென்னாப்பிரிக்கா பலமுறை விசா மறுத்தது, 1973-இல் கொடுத்தது. பார்வையாளர்களை இனம் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்து அவர் ஜோகன்னஸ்பர்க் சென்றார். ஒற்றையர் இறுதிவரை வந்தார், இரட்டையர் பட்டத்தை வென்றார். அங்கே தம்மை விடாமல் பின்தொடர்ந்த ஒரு கறுப்பினச் சிறுவனிடம் காரணம் கேட்டபோது, தான் கண்ட முதல் சுதந்திரமான கறுப்பர் அவர்தான் என்று அச்சிறுவன் சொன்னதை ஆஷ் பின்னாளில் பலரிடம் பகிர்ந்துகொண்டிருக்கிறார். போனதால் நன்மை விளையவில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் உள்நாட்டில் போராடிய ஹாசன் ஹோவா போன்றவர்களும் அவர்களுடைய தென்னாப்பிரிக்க விளையாட்டுக் கவுன்சிலும், இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்ற நிலையில் உறுதியாக நின்றார்கள். ஒருநாள் மட்டும் சேர்ந்து உட்காரவைத்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் தனித்தனிப் பேருந்துகளில் தனித்தனிக் குடியிருப்புகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டை அவர்கள் சீர்திருத்தமாக ஏற்கவில்லை. காலப்போக்கில் ஆஷும் புறக்கணிப்பின் பக்கமே வந்தார். 1983-இல் இன ஒதுக்கலை எதிர்க்கும் கலைஞர்கள், விளையாட்டு வீரர்களின் அமைப்பைத் தொடங்குவதில் பங்கேற்றார். வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் போராடிக் கைதும் ஆனார். ஹோவாவின் நிலைப்பாடே சரி என்று நான் கருதுகிறேன், ஏனெனில் அது பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து வந்தது. ஒடுக்கப்பட்டவர்களே வர வேண்டாம் என்று கேட்கும்போது, அவர்களுக்கு உதவத்தான் போகிறேன் என்று வெளியாள் சொல்வது எடுபடாது.

இந்திய டென்னிஸின் மிகப் பெரிய வாய்ப்பும் இந்தப் போராட்டத்தில்தான் விட்டுக்கொடுக்கப்பட்டது. 1974-இல் சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் முன்னின்று ஆடிய இந்திய அணி, கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும், அரையிறுதியில் சோவியத் யூனியனையும் வென்று டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை எட்டியது. எதிரணி தென்னாப்பிரிக்கா. தென்னாப்பிரிக்காவின் இனப் பாகுபாட்டை 1946-இலேயே ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுசென்ற நாடு இந்தியா. ஆட முடியாது என்று அது முடிவெடுத்தது. கோப்பை ஆடப்படாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இது அரசும் சங்கமும் எடுத்த முடிவு. ஆஸ்திரேலியாவின் ஏழு பேரைப் போல வீரர்கள் தாமே எடுத்த முடிவு அல்ல. ஆனால் விலையைச் செலுத்தியவர்கள் வீரர்கள்தான், அப்போது விஜய்க்கு வயது 20. அந்த முடிவு சரியானதே என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். இந்தியா டேவிஸ் கோப்பையை இன்றுவரை வென்றதில்லை என்பதை நினைத்தால், அந்த ஒப்புதலின் மதிப்பு விளங்கும்.

எல்லோரும் மறுக்கவில்லை. 1980களில் தென்னாப்பிரிக்கா பெரும் பணம் கொடுத்துத் தனிப்பட்ட அணிகளை வரவழைத்தது. இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடிய அதே 1982-இல், அந்த டெஸ்டுக்குத் தலைமை தாங்கிய பந்துல வர்ணபுரவின் கீழ் ஓர் அணி அங்கே சென்றது. சென்றவர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. லாரன்ஸ் ரோவின் தலைமையில் மேற்கிந்திய வீரர்களும் சென்றார்கள், வாழ்நாள் தடை பெற்றார்கள். அவர்களில் பலர் வருமானம் இல்லாமல் தவித்தவர்கள் என்பதால் அவர்களைக் கடுமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மேற்கிந்திய அணியில் விருந்தினராக வந்த கொலின் கிராஃப்டே ஒரு ரயிலில் வெள்ளையருக்கான பெட்டியிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டார். 1893-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காந்திக்கு நடந்தது, ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, அந்நாடு காசு கொடுத்து அழைத்த ஒருவருக்கும் நடந்தது. விவ் ரிச்சர்ட்ஸும் மைக்கேல் ஹோல்டிங்கும் அதே பணத்தை வேண்டாம் என்றவர்கள். 1981-இல் ஸ்பிரிங்பாக்ஸ் நியூசிலாந்துக்கு வந்தபோது, அந்நாட்டு ரக்பி கேப்டன் கிரகாம் மூரி ஆட மறுத்து விலகிக்கொண்டார்.

விளையாட்டுப் புறக்கணிப்பு மட்டுமே இன ஒதுக்கலை வீழ்த்தியது என்று சொன்னால் அது பொய். 1976-இல் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவில் சுடப்பட்ட பள்ளிப் பிள்ளைகளும், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரும், சிறையில் ஆயுளைக் கழித்தவர்களும், பின்னர் வந்த பொருளாதாரத் தடைகளும் செய்ததுதான் பெரும்பங்கு. விளையாட்டு வீரர்கள் செய்தது, அந்த ஆட்சிக்குக் கிடைத்துவந்த மரியாதையை மறுத்தது. அதில் இழப்புக்குள்ளான வெள்ளை ஆட்டக்காரர்களும் உண்டு: பேரி ரிச்சர்ட்ஸ் 4 டெஸ்டுகளும், புரோக்டர் 7 டெஸ்டுகளும் மட்டுமே ஆட முடிந்தது. ஓர் அநீதியான அமைப்பை மாற்ற அந்த இழப்பு உதவியிருந்தால் அதில் தமக்கு வருத்தமில்லை என்று புரோக்டர் சொன்னார். ஆனால் ஒரு டெஸ்டும் ஆட முடியாமல், ஆட்டவிவரம்கூடப் பதிவாகாமல் மறைந்த கறுப்பின, கலப்பின, இந்திய வம்சாவளி ஆட்டக்காரர்களின் தலைமுறைகளை அருகில் வைத்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

1990 பிப்ரவரியில் மண்டேலா விடுதலையானார். 1991-இல் தனித்தனியாக இருந்த கிரிக்கெட் வாரியங்கள் ஒன்றாக இணைந்த பிறகே தென்னாப்பிரிக்கா மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது; அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸில் அதன் முதல் ஆட்டம் நடந்தது. 1992-இல் 'கலப்பினத்தார்' என்று வகைப்படுத்தப்பட்டிருந்த ஓமர் ஹென்றி, தம் 40-ஆம் வயதில், டர்பனில் இந்தியாவுக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் டெஸ்ட் ஆட 1998-இல் மக்காயா நிட்டினி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுப்பால் ஒரு விதியை உடைக்க முடியும். மைதானம் இல்லாத ஊருக்கு மைதானமும் பயிற்சியாளரும் கொண்டுவருவது, பல பத்தாண்டுகள் பிடிக்கும் வேறொரு வேலை. விதி போன பிறகும் பழக்கம் போகவில்லை என்பதை நிட்டினியே 2020-இல் ஒரு நேர்காணலில் வெளிப்படுத்தினார். 101 டெஸ்டுகளில் 390 விக்கெட்டுகள் எடுத்த அவர், அணிப் பேருந்தில் தம் அருகே யாரும் அமராத தனிமையைத் தவிர்ப்பதற்காகத் தம் பையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, ஓட்டலிலிருந்து மைதானத்துக்கு ஓடியே சென்றிருக்கிறார். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வாரியம் சமூக நீதி விசாரணை ஒன்றை நடத்தியது. சுழற்பந்து வீச்சாளர் பால் ஆடம்ஸ் உட்படப் பல முன்னாள் வீரர்கள், அணிக்குள் நிறத்தை வைத்துத் தங்களை இழிவாக அழைத்ததையும் ஒதுக்கியதையும் அந்த விசாரணையில் தங்கள் சொந்தப் பெயரிலேயே சாட்சியமாகப் பதிவுசெய்தார்கள்.